ஹங்கேரிக்காரன் தடுக்கப் பார்த்த கல்யாணம்

நேர்மையான மனிதர்களை விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கவே கூடாது. இருபது வருடமாகப் போகிறது, எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அப்போது நான் ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில் ஒரு பொதிக் கிடங்கில் வேலை செய்தேன். என்னோடு பெட்டி அடுக்கிய ஃபெரி ஒரு ஹங்கேரிக்காரன். பதினாறு வருடம் தொழில்முறைக் கால்பந்துக் கோல்காப்பாளனாக இருந்தவன். ஊரில் ஒரு கழகம், ஜெர்மனியில் மூன்று. எனக்கு அது போதும். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் விளையாட்டு விழாவுக்கு இவனைக் கொண்டுபோய் நிறுத்தினால் தலைவர் என்னை மதிப்பார். மதித்தால் அவர் மகள் வதனியைப் பெண் கேட்கலாம். (வதனிக்குச் சம்மதம். தலைவருக்கு என் பெயரே ஞாபகம் நிற்பதில்லை.)

விழாவன்று ஃபெரிக்குப் பொன்னாடை போர்த்தினோம். வரவேற்புரையில் "ஐரோப்பாவே அஞ்சிய காப்பாளர்" என்று முழங்கினேன். பிறகு தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொடக்கப் பந்து அடிக்க வந்தார். தொடக்கப் பந்து என்றால் என்ன? ரிப்பன் வெட்டுவது மாதிரி. காப்பாளர் ஒரு பக்கம் சாய வேண்டும், பந்து உள்ளே போக வேண்டும், சனம் கைதட்ட வேண்டும். இதையெல்லாமா சொல்லிக் கொடுப்பார்கள்? பாவி, பிடித்துவிட்டான்!

"காத்து இழுத்துப் போட்டுது. இன்னொருக்கா வையும்," என்றார் தலைவர்.

அதையும் பிடித்தான். நான் ஓடிப்போய் அவன் காதில் ஜெர்மனில் கெஞ்சினேன்.

"ஃபெரி, இது மரியாதைக்கு அடிக்கிற பந்து. விட்டுவிடு."

"முடியாது. பதினாறு வருடத்தில் நான் விளையாடியது நாலே ஆட்டம். மற்றதெல்லாம் மைதான ஓரத்தில் மாற்று ஆட்டக்காரர் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அந்த நாலிலும் ஒரு கோல்கூட விடவில்லை."

அடப்பாவி! வாங்கில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தா ஐரோப்பா அஞ்சியது? முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? (நான் கேட்கவில்லைதான். அதற்காக?)

மூன்றாவது பந்தைத் தலைவர் முழு மூச்சாக உதைத்தார். காலில் போட்டிருந்த சப்பாத்தும் சேர்ந்து பறந்தது. ஃபெரி பாய்ந்து விழுந்து, கோட்டுக்கு முன்னாலேயே பந்தை அமுக்கிவிட்டான்.

"கோல்!" என்று கத்தினார் தலைவர்.

"நைன்," என்று ஜெர்மனில் மறுத்தான் ஃபெரி.

மைதானமே சிரித்தது. தலைவர் ஃபெரியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் முறைத்தார்.

ஆனாலும் இரண்டு கிழமை கழித்து, துணிந்து பெண் கேட்கப் போனேன். என் வேலை, விசா, சாதகம் ஒன்றையும் அவர் விசாரிக்கவில்லை.

"தம்பி, நீர் கோல் கம்பத்துக்குப் பக்கத்திலதானே நிண்டனீர்?"

"ஓம் ஐயா."

"மூண்டாவது பந்து கோட்டைத் தாண்டினதோ, இல்லையோ?"

வதனி கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். பந்து ஒரு முழம் இப்பால் நின்றதை இந்த இரண்டு கண்ணாலும் கண்டவன் நான்.

"வடிவாத் தாண்டினது, மாமா."

"அப்ப நாள் பாப்பம்," என்றார்.

அன்றிலிருந்து எந்த விருந்திலும் மாமா என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். நானும் எழுந்து நின்று "தாண்டினது" என்று சொல்வேன். ஃபெரியின் கணக்கில் இல்லாத ஒரு கோலை இத்தனை வருடமாக நான்தான் சுமக்கிறேன். வீட்டிலோ எல்லாருக்கும் உண்மை தெரியும், எனக்கு மரியாதையே இல்லை. கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவேன் என்று தொலைபேசியில் சொன்னால் போதும், என் மகள் கேட்கிறாள்:

"அப்பா, உண்மையா வாறீங்களோ, இல்லாட்டித் தாண்டினதோ?"