பேசச் சொன்னார், பேசினேன்

அழகாக நிற்கத் தெரிந்தால் நடிக்கவும் தெரியும் என்று நம்பியவள் நான். இருபத்து மூன்று வயதில் மனிசர் எதையும் நம்புவார்கள்.

அப்போது யாழ்ப்பாண நகரத்துச் சாறிக் கடை ஒன்றுக்கு மொடலாக இருந்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரே என் படம் இரண்டு மாடி உயரத்தில் தொங்கியது. (சொந்த ஊரான வேலணையில் எங்கள் வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் அது பெருமை. மரக்கறி வாங்கவென்று கிழமைதோறும் யாழ்ப்பாண ரவுணுக்குப் போய்வரும் அம்மா மட்டும், "உந்த வெயிலுக்கை ஏன் போய்த் தொங்குறாய்?" என்பார்.)

சென்னையிலிருந்து ஒரு படக்குழு நெடுந்தீவுக்கு வந்தது. பிரான்ஸிலிருந்து பத்து வருடம் கழித்து ஊர் திரும்பும் மகளாக நடிக்க என்னைத் தெரிவு செய்தார்கள். முதற்காட்சி சரியாக வந்தால் வேடம் பெரிதாகும் என்றார் டைரக்டர். அம்மாவுக்கு விருப்பமில்லை. "குமர்ப்பிள்ளையைத் தனிய விட ஏலாது" என்று சாப்பாட்டுப் பொதியோடு குறிகட்டுவான் துறையில் என்னுடன் படகேறினார்.

நான் கல்மதில் ஓரமாக நடந்து, வாசலில் நிற்கும் தாயிடம் போகவேண்டும். தாயாகச் சென்னையின் மூத்த நடிகை ஒருவர். "ஆக்‌ஷன்!" என்றதும் நாடியை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். தாய்க்கு முன்னால் இடுப்பில் கைவைத்து மூன்று வினாடி நின்றேன். பிறகு ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்துவிட்டேன். (பழக்கதோஷம்!)

"ஏம்மா திரும்பி வந்துட்ட? அம்மாகிட்ட பேசணும்ல?" என்றார் டைரக்டர்.

"என்னெண்டு சேர் பேசுறது?"

"பத்து வருஷமா மனசுல வச்சிருந்ததை எல்லாம் பேசு. வசனமே வேணாம். உங்க ஊர்ப் பாஷையிலயே வரட்டும்."

எங்கள் ஊரில் ஆட்களோடு கதைப்போம். ஒருவரைப் பேசுவதென்றால் ஏசுவது. இந்தியப் படம் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்த வித்தியாசம் தெரியாததல்ல. ஆனால் 'ஊர்ப் பாஷை' என்றதும் பயந்துபோயிருந்த மூளை நேரே வேலணைக்குப் போய்விட்டது.

போய் அந்த நடிகையைப் பேசினேன்.

"பத்து வருசம்! நான் இருக்கிறனோ செத்தனோ எண்டு ஒரு போன் எடுத்தனீங்களே?"

நடிகை கண்ணை விரித்தார். எனக்கு உற்சாகம் பிறந்தது. கற்பனைக் கோபம் அரை நிமிடத்தில் தீர்ந்துபோக, சொந்தக் கோபத்தை எடுத்தேன்.

"அக்காவுக்குப் புதுச் சைக்கிள், எனக்கு அவ ஓடிக் கழிச்சது! என்ரை படம் அவ்வளவு பெரிசாத் தொங்குது, ஒருக்காலாவது நிமிர்ந்து பாத்தனீங்களே?"

வேடிக்கை பார்த்த கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "அடியே, ஆர் பாக்கேல்லை?"

அம்மா! சாப்பாட்டுப் பொதியோடு கமராவுக்கு முன்னாலேயே நடந்து வந்தார்.

"வேலணையிலை இல்லாத மரக்கறியே ரவுணிலை விக்குது? உன்ரை படத்தைப் பாக்கத்தானேடி கிழமைக்குக் கிழமை பஸ் ஏறினனான்!"

சொல்லும்போதே குரல் உடைந்தது. நடிகை அழத் தொடங்கினார். மைக் பிடித்தவரும் அழுதார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இடுப்பில் கைவைத்தேன்.

டைரக்டர் 'கட்' சொல்ல மறந்துபோனார். பிறகு மூக்கை உறிஞ்சியபடி என்னைத் தாண்டிப் போய் அம்மாவிடம் கேட்டார்: "அம்மா, நீங்க நாளைக்கு வர முடியுமா?"

அம்மா யோசித்தார். "ஆட்டுக்குக் குழை போட்டிட்டு வாறதெண்டால் ஏலும்."

படம் வெளிவந்தது. பக்கத்து வீட்டுக்காரியாக அம்மா பதினொரு காட்சிகளில் வருகிறார். நான் கல்மதில் ஓரமாக நடந்து போகிறேன், முதுகு மட்டும்.

இப்போதும் நெடுந்தீவுப் படகில் ஏறினால் யாராவது ஓடிவந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார்கள். "தங்கச்சி, ஒருக்கா எடுத்துவிடும்" என்று போனை என்னிடம் நீட்டுவார்கள். அம்மா சாறித் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்வார்:

"முகம் விழுற மாதிரி எடு பிள்ளை. முதுகு உன்ரை பகுதி."