ஜாதிக்காயும் பேப்பர் இல்லாமல் டைப் அடித்த அக்காவும்

டாக்டரிடம் பொய் சொல்வதில் எங்கள் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேண்டுமென்று சொல்கிற பொய் இல்லை. “வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?” என்று கேட்டால், காலையில் கஷாயம், மதியம் சூரணம், ராத்திரி லேகியம் என்று விழுங்கிவிட்டு வந்தவர்கள்கூட, “ஒன்னுமே இல்லீங்க” என்போம். எங்களுக்கு மருந்து என்றால் மாத்திரை, ஊசி, டானிக். செடியில் காய்த்ததெல்லாம் சாப்பாட்டில் சேர்த்தி. இந்தப் பொய்யால் ஒரு நாள் நான் போய்ச் சேர்ந்திருப்பேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்தோரு வயது. ஊர் திண்டிவனம். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் இரண்டு முறை ஃபெயில். அடிக்கத் தெரியாமல் இல்லை. இன்ஸ்டிட்யூட்டில் என் வேகத்தைப் பார்த்து மாஸ்டரே வாயைப் பிளப்பார். பரீட்சை ஹாலில் பெல் அடித்ததும் பத்து விரலும் என் பேச்சைக் கேட்காது, அவ்வளவுதான். மூன்றாவது முறை பணம் கட்டியபோது அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

“இந்த வாட்டியும் போச்சின்னா டைப்பும் வாணாம், வேலையும் வாணாம். தை மாசம் செல்வராசுக்குக் கட்டி வெச்சிடறேன்.”

செல்வராசு என் அத்தை மகன். விழுப்புரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருக்கும். (கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் வருவார்.) நல்ல மனுஷர்தான். ஆனால் எனக்கோ அரசாங்க ஆபீசில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு மிஷின், தலைக்கு மேல் ஃபேன் என்று கனவு. அதை விட்டுவிட மனசே இல்லை.

பரீட்சை நெருங்க நெருங்கத் தூக்கம் போனது, நெஞ்சு படபடத்தது. நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ச் சொன்னேன். கடைக்காரர் ஜாதிக்காய்ப் பொடியை மடித்துக் கொடுத்து, “ஒரு சிட்டிகைதாம்மா, பால்ல. அதுக்கு மேல போவாத” என்றார். பரீட்சைக்கு முந்தின நாள் சிட்டிகை போட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஸ்பூன் போட்டேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. (அது ஆற அமர வேலை செய்கிற சாமான் என்று யார் கண்டது?) விடிந்ததும் பொட்டலத்தில் மிச்சம் இருந்ததையும் வாயில் கொட்டிக்கொண்டு, அம்மாவோடு விழுப்புரம் பஸ் ஏறினேன்.

பாதி வழியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டது. வெளியே வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லையில் பத்துப் பதினைந்து பெண்கள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பஸ் நகர நகர அத்தனை கழுத்தும் கூடவே திரும்பின.

“அம்மா, அவங்க ஏன் என்னையே பாத்துக்கினு இருக்காங்க?”

“எவங்கடி?” அம்மா எட்டிப் பார்த்தாள். “கொல்லையில ஒரு ஈ காக்கா கூட இல்லியே.”

தூக்கக் கலக்கம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் செல்வராசு காத்திருந்தார். அவர் பையில் இருந்த திருப்புளி மெதுவாக மூச்சு விட்டது. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்தில். அந்தந்த இன்ஸ்டிட்யூட் மிஷின்களை அவர்களே கொண்டுவந்து இறக்குவார்கள். எங்கள் மாஸ்டர் பக்திமான். ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். என் மிஷினில் இரண்டு பொட்டு. உட்கார்ந்து மிஷினில் பேப்பரைச் செருகிச் சுற்றினேன். இரண்டு பொட்டும் கண் சிமிட்டின.

பெல் அடித்தது. அதிசயமாக என் விரல்கள் நடுங்கவில்லை. நடுங்குவதற்கு அவை என்னுடையவையாகவே இல்லை. எங்கோ தூரத்தில் யாருடைய விரல்களோ அடித்துக்கொண்டிருந்தன. இரண்டு வரி முடித்திருப்பேன், பக்கத்து மேசையில் ஓர் அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மஞ்சள் சேலை, நெற்றியில் விபூதி. கிடுகிடுவென்று டைப் அடித்துக்கொண்டிருந்தாள். சத்தமே வரவில்லை. மிஷினில் பேப்பரும் இல்லை.

அவள் என் பக்கம் திரும்பி, “மெதுவா அடி. எனக்கு இன்னும் முடியல” என்றாள்.

எனக்குப் பயமே வரவில்லை. இன்றைக்கு நினைத்தால்தான் முதுகு சில்லிடுகிறது. அப்போது வந்தது பரிதாபம். பாவம், இவளுக்கும் மூன்றாவது தடவையோ என்னவோ! அடிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன்.

“சார், இந்த அக்காவுக்கு பேப்பர் தர மறந்துட்டீங்க.”

சூப்பர்வைசர் வந்தார். “எந்த அக்கா?”

“இதோ, மஞ்சள் சேலை.”

அவர் காலி நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டைக்குள் கையை விட்டுத் தாயத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றடி பின்னால் போனார். வாசலில் நின்ற பியூன், யாரும் கேட்காமலே, “இந்த ரூம்லதான் சார், முன்ன ஒரு டீச்சரம்மா மயக்கம் போட்டு வுழுந்து செத்துட்டாங்க” என்றார். ஹாலில் பாதி மிஷின்கள் நின்றுபோயின. நான் மட்டும் அக்காவிடம், “நீங்க என் பேப்பர எடுத்துக்கோங்க” என்று தாராளமாக நீட்டிக்கொண்டிருந்தேன்.

என்னை வெளியே கொண்டுவந்ததும் அம்மா என் கண்ணைப் பார்த்து அலறினாள். கருவிழி கண் முழுக்க விரிந்திருந்ததாம். கூடிய கூட்டம், பேயோட்டுகிறவரிடம் ஜல்தியாகக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னது. செல்வராசுதான், “மொதல்ல டாக்டரு, அப்பால பேயி” என்று ரிக்‌ஷா பிடித்தார்.

கிளினிக்கில் டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நாடி தாறுமாறாக ஓடியது. நான் சுவரில் யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ஏதாவது மருந்து சாப்பிட்டாங்களா?”

“ஒன்னுமே இல்லீங்க” என்றாள் அம்மா.

“நீ சொல்லும்மா.”

“ஒன்னுமே இல்லீங்க டாக்டர்” என்றேன் நானும், முழு மனதோடு.

“அப்ப மனசு சம்பந்தப்பட்டது. தூங்க ஊசி போடறேன்.” டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். பஞ்சு என் கையில் சில்லென்று பட்டது. அப்போது செல்வராசு தொண்டையைச் செருமினார்.

“சார்... மருந்து இல்ல சார். லேகியம்.”

டாக்டரின் கை அப்படியே நின்றது.

“பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் விக்கிறாரு. தெகிரியத்துக்குன்னு வாங்கி, நேத்து திண்டிவனம் போனப்ப அத்தைகிட்ட குடுத்தேன். தப்பா சார்?”

“அத நான் தோசையில தடவிக் குடுத்துட்டேன்” என்றாள் அம்மா, சின்னக் குரலில். “அப்பறம், தூங்கட்டுமேன்னு ராத்திரி பால்ல ஒரு முழு ஜாதிக்காய ஒரசிப் போட்டேங்க. அது மருந்து இல்லியே?”

படுக்கையிலிருந்து நான் கையைத் தூக்கினேன். “நானும் ஒரு பொட்டலம் சாப்பிட்டேன்.”

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“ஜாதிக்கா அளவுக்கு மீறினா ஆளையே கொழப்பிடும்மா. லேகியத்துல இன்னா கலந்திருக்கான்னு வித்தவனுக்கே வெளிச்சம். அதுக்கு மேல இந்த ஊசியும் போயிருந்தா, தூங்கின பொண்ணு எழுந்தே இருக்காது. வயித்துக்குள்ள போயி வேலை செய்யறது எல்லாமே மருந்துதான். கேட்டா சொல்ல மாட்டீங்களா?”

அம்மா அன்றுதான் நிஜமாக அழுதாள்.

மறுநாள் சாயங்காலம் வரை சுவரில் ஆட்கள் வந்துபோனார்கள். பிறகு தெளிந்தது. பரீட்சையில் மூன்றாவது முறையும் ஃபெயில். அப்பா தை மாசத்துக்கு நாள் பார்க்கக் கிளம்பியபோது செல்வராசு குறுக்கே நின்றார். “ஃபெயிலானது விஜி இல்ல மாமா, என் லேகியம். இன்னொரு தபா எழுதட்டும்.” நான்காவது முறை வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய், நடுங்கிய விரல்களோடே பாஸ் செய்தேன். மேசை, மிஷின், ஃபேன் எல்லாம் கிடைத்தன. அதன்பிறகு யாரும் கட்டிவைக்காமல் நானே போய்ச் செல்வராசுவைக் கட்டிக்கொண்டேன். என் உயிருக்காக அசட்டு முழி முழித்துக்கொண்டு உண்மையைச் சொன்ன ஆளை எப்படி விடுவது?

இன்றும் எங்கள் வீட்டில் யார் டாக்டரிடம் போனாலும், சாப்பிட்டதையெல்லாம் சுக்குக் காபி முதற்கொண்டு எழுதிய சீட்டைக் கையில் திணித்துத்தான் செல்வராசு அனுப்புவார். விசேஷ நாட்களில் பந்தி போடும்போது ஓர் இலை அதிகமாகப் போட்டுவிட்டு, “உங்க டைப் அக்காவுக்கு” என்பார். பேரப்பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, யாரும் பார்க்காத நேரத்தில், அந்த இலைக்கும் தண்ணீர் தெளித்துவிடுவேன்.