கூடவே வரும் கொடையாளர்

இரவல் கொடுப்பவர்களை உங்களுக்குத் தெரியும். கொடுக்காதவர்களையும் தெரியும், முன்னவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை, பின்னவர்களைப் பற்றிப் பேசாத நாளில்லை. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. கேட்டதும் கொடுத்துவிடும். கொடுத்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு பொருளுக்குப் பின்னாலேயே கிளம்பியும் விடும். ஏணியைக் கொடுத்தால் ஏணிக்குக் கீழே நிற்கும். பெரிய குண்டானைக் கொடுத்தால் உங்கள் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு, "தீயைக் கொஞ்சம் கொறைங்க" என்று சொல்லும். இந்த இனத்துக்குக் கூடவே வரும் கொடையாளர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

எங்கள் ஆவடித் தெருவில் இந்த இனத்தின் தலைமகன் உலகநாதன். தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தவர். ஸ்பானர் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார். பிறகு நீங்கள் எந்த நட்டைத் திருகுகிறீர்கள் என்று பார்க்க மெஷின் வரைக்கும் வருவார். ஓய்வு பெற்றதும் ஒரு கீபோர்டு வாங்கினார். சாதாரணக் கீபோர்டு அல்ல, சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற வகை. விலை என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டார். கேட்காமல் இருந்தால் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிடுவார்.

நாலு வருஷமாக அதில் ஒரே ஒரு பக்திப் பாட்டு வாசிக்கிறார். பல்லவியின் இரண்டாவது வரியில் ஓர் இடம் வரும். அங்கே நிற்பார். தெருவே அவரோடு சேர்ந்து நிற்கும். பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பார். கேட்டால், "கட்டை கொஞ்சம் டைட்டா கீது. புச்சு இல்லியா, அதான்" என்பார். நாலு வருஷமாகப் புதுசு.

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பிரியா முகப்பேரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சாயங்காலத்தில் குழந்தைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறாள். தம்பி லோகேஷ் பாடுவான். இருவரும் சேர்ந்து ஆரம்பித்த மெல்லிசைக் குழுவுக்கு முதல் கச்சேரி வந்தது, வேப்பம்பட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. நன்றாக அமைந்தால் அந்த மண்டபத்தின் எல்லா வரவேற்புக்கும் உங்களையே கூப்பிடுகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இரண்டு நாள் முன்னால் மழை. கூரை ஒழுகி, அவள் கீபோர்டில் நடுக் கட்டைகள் ஏழு பேச்சை நிறுத்திவிட்டன. மேனேஜருக்கு போன் செய்தாள். "கீபோர்டு இல்லன்னா இன்னாம்மா, நாங்க பென் டிரைவ்ல பாட்டு போட்டுக்கிறோம்" என்றார் அவர்.

வேறு வழியில்லாமல் உலகநாதன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"தாராளமா எடுத்துகினு போம்மா" என்றார் உலகநாதன், அவள் கேட்டு முடிப்பதற்குள். அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அது வழிவதற்குள் அவர் தொடர்ந்தார். மோதிரம் கூடாது, நகம் வெட்டியிருக்க வேண்டும், சாம்பார் சாப்பிட்ட கையை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், மின்விசிறி நேராகப் படக்கூடாது, வால்யூம் ஆறைத் தாண்டக்கூடாது, இடது ஓரத்தில் இருக்கிற கறுப்புப் பொத்தானைத் தொடவே கூடாது.

"அது எதுக்கு மாமா?"

"தெர்ல. அதான் தொடக்கூடாதுன்றேன்." பிறகு சட்டையைத் தேடிக்கொண்டே, "நானும் வரேன்" என்றார்.

"நீ எங்க போற?" என்றார் அவர் மனைவி சரசா. "கீபோர்டு போவுதில்ல?" என்றார் உலகநாதன். கல்யாணச் சாப்பாடு இருக்கிறது என்று தெரிந்ததும் சரசாவும் புறப்பட்டார்.

ஆட்டோ குலுக்கும் என்று மின்சார ரயில். ஸ்டாண்டைத் தூக்க ஆள் இல்லாமல் என்னையும் பிடித்துக்கொண்டார்கள். ஜன்னலோர இருக்கையில் கீபோர்டை உட்கார வைத்துவிட்டு உலகநாதன் நின்றுகொண்டு வந்தார். பட்டாபிராமில் கொய்யாக் கூடையோடு ஏறிய முனியம்மா என்கிற அம்மாள் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, இதுக்கு டிக்கெட் வாங்கிக்கீறியா?" என்று கேட்டார். உலகநாதன், கூடை கீபோர்டின் மேல் உரசாமல் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கச்சேரி. மேடையில் கிருஷ்ணப்பிரியாவுக்குப் பக்கத்தில் இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார் உலகநாதன். மடியில் மஞ்சள் துணி. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கட்டைகளைத் துடைத்தார். பரிசு கொடுக்க வந்தவர்கள் அவரைக் கல்யாணப் பெண்ணின் பெரியப்பா என்று நினைத்துக் கும்பிட்டார்கள். அவரும் கும்பிட்டார்.

மூன்றாவது பாட்டில் லோகேஷ் மேல் ஸ்தாயிக்குப் போனான். அக்கா பிடித்துக்கொள்வாள் என்கிற தைரியத்தில்தான் போனான். அந்தச் சமயம் பார்த்து உலகநாதன் கையை நீட்டி வால்யூமைக் குறைத்தார். பையன் அந்தரத்தில் தனியாக நின்றான். "சூடாவுது" என்றார் உலகநாதன் விளக்கமாக. கீழே மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். ஐந்தாவது பாட்டில், அவள் வேகமாக வாசிக்கும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "மெதுவா அடி பாப்பா. ஒடைஞ்சிடப் போவுது."

கிருஷ்ணப்பிரியா எழுந்தாள். பாட்டு நின்றது. "மாமா, ஒண்ணு நீங்க வாசிங்க, இல்ல என்னை வாசிக்க உடுங்க" என்றாள். மைக் திறந்திருந்தது.

நானூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா நல்ல மனிதர். நிலைமை புரியாத நல்ல மனிதர். "பெரியவரே, ஒரு பாட்டு வாசிங்க!" என்று கை தட்டினார். மண்டபமே தட்டியது. ஐஸ்கிரீம் வைத்திருந்தவர்கள் மட்டும் தட்டவில்லை.

உலகநாதன் வாசித்தார். வேறென்ன செய்வார்? முதல் வரி வந்தது, நன்றாகவே வந்தது. இரண்டாவது வரியில் அந்த இடம் வந்தது. நின்றார். மறுபடி தொட்டார், மறுபடி நின்றார். யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் பெரிய கொடுமை. அவர் நெற்றியில் வேர்த்தது. மஞ்சள் துணி மடியிலேயே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

பின்னாலிருந்து கிருஷ்ணப்பிரியா ஒரு கையை மட்டும் நீட்டி அந்த இடத்தை வாசித்துக் கடந்தாள். அடுத்த வரிக்குப் போனாள். லோகேஷ் அதைப் பிடித்துப் பாட ஆரம்பித்தான். உலகநாதன் மெல்லக் கையை எடுத்துக்கொண்டார், எழுந்தார், படியிறங்கி வந்து எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் தன்னுடைய கீபோர்டு பாடுவதைக் கேட்டார். அந்தக் கட்டையில் எந்த இறுக்கமும் இல்லை. அவள் வால்யூமை எட்டில் வைத்தாள், கறுப்புப் பொத்தானையும் அழுத்தினாள். மண்டபம் முழுக்க வயலின் கூட்டமாக எழுந்தது. உலகநாதன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

சரசா அவர் பக்கம் குனிந்தார். "நம்ம ஊட்ல கீறதும் இதானா?"

"இதான்" என்றார் உலகநாதன். அந்தப் பாட்டு முடிந்ததும், "நல்லாத்தான் கீது" என்றார்.

மேனேஜர் அடுத்த மாதத்துக்கு மூன்று தேதி கொடுத்தார். திரும்பி வரும்போது உலகநாதன் கீபோர்டைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. "உங்கூட்லயே இருக்கட்டும் பாப்பா" என்றார். தெருவே அசந்துபோனது. மனிதர் திருந்திவிட்டார் என்று எல்லாரும் பேசிக்கொண்டோம். இப்போது செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் கிருஷ்ணப்பிரியா வீட்டில், ஏழெட்டுக் குழந்தைகளுக்கு நடுவில், முறைப்படி பாடம் கற்றுக்கொள்கிறார் உலகநாதன். வகுப்பு ஐந்தரைக்கு. அவர் நாலரைக்கே போய்விடுகிறார். கொடுத்த பொருளோடு கூடவே இருப்பதற்கு இதைவிட மரியாதையான வழியை அந்த இனத்தில் வேறு யாரும் கண்டுபிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். நம்மிடம் கீபோர்டா இருக்கிறது என்று நிம்மதியாகவும் இருந்திருப்பீர்கள். இருங்கள், ஒரே ஒரு கேள்வி. போன தடவை பேங்கில் முன்பின் தெரியாத ஒருவர், "சார், ஒரு நிமிஷம் பேனா" என்று கேட்டார். நீங்களும் பெருந்தன்மையாக எடுத்துக் கொடுத்தீர்கள். மூடி யார் கையில் இருந்தது?