பிளாட்பாரம் பூரா பயம்

என் நாக்குக்கு 'ழ' வராது. உத்திரமேரூரில் அது ஒரு குறையே இல்லை, எங்கள் தெருவில் யாருக்குமே வராது. (தமிழ் வாத்தியாருக்கு வரும். அவர் வெளியூர்.) ஆனால் அந்த ஒரு எழுத்து ஒரு சுரங்க ரயிலையே நிறுத்திவிட்டது.

அப்போது நான் பட்டணத்து மெட்ரோவில் பயிற்சி ஊழியன். வேலை நிரந்தரமாகப் பத்து நாள் பாக்கி. எங்களிடம் எது நடந்தாலும் அதற்கொரு லெவல் உண்டு. துடைத்தால் போய்விடுவது ஒன்று, ரயில் தாமதமானால் இரண்டு, நின்றுபோனால் மூன்று, ஜனங்களை வெளியேற்றும்படி ஆனால் நான்கு. வாக்கி டாக்கியில் நாங்கள் சொல்வதைக் கேட்டு லெவல் போடுபவர் கன்ட்ரோல் ரூம் மேடம். திருநெல்வேலிக்காரர். வளவளவென்று பேசினால் அவருக்குப் பிடிக்காது.

அன்று காலை பிளாட்பாரத்தில் ஒரு பெரியவரின் நாவல் பழக் கூடை கவிழ்ந்தது. பழங்கள் உருண்டன, பொறுக்கித் தர ஜனங்கள் பின்னாலேயே ஓடினார்கள். நான் சுருக்கமாகப் பேசுவதாக நினைத்து 'நாவல்' என்பதை விட்டுவிட்டேன்.

"மேடம், பிளாட்பாரம் பூரா பயம்!"

"பயமா? ஜனங்க என்ன பண்ணுதாங்க?"

"ஓடிக்கினு கீறாங்க மேடம். ஒருத்தர் வியுந்துட்டாரு."

"ரொம்பப் பயமோ?"

"ஏகப்பட்ட பயம் மேடம். கால் வெக்க எடமில்ல!"

"லெவல் நாலு," என்றார் மேடம்.

ஒரு கூடைப் பழத்துக்கா என்று திகைத்தேன். எனக்குத் தெரியாத பெரிய விஷயம் ஏதோ நடந்திருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். (அறிவாளி அல்லவா?)

அடுத்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பிரமிப்புதான். வந்துகொண்டிருந்த ரயில் முந்தைய நிலையத்திலேயே நின்றது. எதிர்ப்பக்க ரயில் நிற்காமல் கடந்துபோனது. டிக்கெட் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், பதற்றமே இல்லாமல், எல்லோரையும் மேலே போகச் சொன்னது. எங்கெங்கோ இருந்த, முகம் தெரியாத மனிதர்கள் ஒரு வார்த்தையை நம்பி இத்தனையும் செய்தார்கள். நானும் வாயைப் பிளந்தபடி கூட்டத்தைப் படியேற்றினேன். கடைசியில் பெரியவரும் கூடையும் நானும்தான் மிச்சம்.

ஹெல்மெட் போட்டுக்கொண்டு அவசரப் படை ஓடி வந்தது.

"எங்கப்பா பீதி?"

"பீதியா? பயம்தான் சார் கீது," என்று ஒரு நாவல் பழத்தை நீட்டினேன்.

மறுநாள் மேடம் முன்னால் நின்றேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"பழம்னு சொல்லு, பாப்போம்."

"பயம்."

"இன்னொரு தடவ."

"ப... யம், மேடம்."

அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அறிக்கையில் நான்கை அடித்து ஒன்று என்று எழுதினார். கீழே, 'நிலையம் ஐந்து நிமிடத்தில் காலி, யாருக்கும் காயமில்லை' என்றும் சேர்த்தார். "தப்பு எம்மேலயும் இருக்கு. என்ன பயம்னு நான் கேட்டிருக்கணும்."

வேலை நிரந்தரமானது. இப்போது நானும் அதே கன்ட்ரோல் ரூமில்தான் லெவல் போடுகிறேன். யார் எதைச் சொன்னாலும் இரண்டு தடவை கேட்கிறேன்.

வீட்டில்தான் தப்பிக்க வழியில்லை. விருந்தாளிகள் முன்னால் பழத்தட்டை வைக்கும்போதெல்லாம் என் மனைவி அந்த ஒலிபெருக்கிக் குரலிலேயே அறிவிக்கிறாள்: "பயணிகள் கவனத்திற்கு. பயம் வந்துகினு கீது. எல்லாரும் மேல போயிடுங்க."