கல்லாற்றுத் தங்கமும் ரேஷன் அரிசியும்

வலியசாலை ஸ்ரீகண்டன் தங்கம் எடுப்பதென்று தீர்மானம் செய்துவிட்டார். கடையில் எடுப்பது அல்ல. அந்தத் தீர்மானமெல்லாம் அவர் சகதர்மிணி லலிதாம்பாள் இலாகா. இது ஆற்றில் எடுப்பது.

எல்லாம் ஒரு சினிமாவால் வந்த வினை. ஃபிலிம் சொசைட்டியில் பழைய ஹாலிவுட் படம் ஒன்றை ஓசியில் காட்டுகிறார்கள் என்று சிநேகிதர் ஹரிகுமார் இழுத்துக்கொண்டு போனார். இரண்டு தடியன்கள், ஒரு கோவேறு கழுதை. தங்கம் தேடி மலைக்குப் போகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், கட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் ஆற்று மணலைத் தட்டில் போட்டுச் சுழற்றினால் அடியில் தங்கம். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. நம்மவர்கள் இருவர் மட்டும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பேரும் ஒரே ஆபீஸ், ஒரே நாளில் ரிட்டயர்மென்ட். ஹரிகுமாரின் மனைவி, மகளின் பிரசவத்துக்கு மஸ்கட் போயிருந்ததால் மனிதர் ஹோட்டல் சாப்பாட்டில் காய்ந்துகொண்டிருந்தார். பொன்முடி அடிவாரத்தில் கல்லாறு ஓடுகிறதே, அதிலும் மணல் மின்னுகிறதாம், அங்கே டீக்கடை வைத்திருக்கும் சுனில் சொன்னான் என்று அவர் ரகசியமாகச் சொன்னார். கிடைப்பதில் ஆளுக்குப் பாதி, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கோயில் வாசலில் சத்தியம் ஆயிற்று. முக்கியமாக லலிதாம்பாளிடம்.

அவளோ அப்போது வேறு கடுப்பில் இருந்தாள். கரமனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெட்டிக்குள் இருபது வருஷமாகத் தூங்கிய பி.எட். சர்டிபிகேட்டுக்கு வந்த முதல் அழைப்பு. ஜூனில் சேர வேண்டும், காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஸ்ரீகண்டன் கேட்டது ஒரே கேள்விதான். மத்தியானம் எனக்குச் சுடச்சுட சாதம் யார் போடுவா? அதோடு விஷயம் முடிந்ததென்று அவர் நினைத்தார். லலிதாம்பாள் பதில் பேசவில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தமென்று மனிதர் கற்றுக்கொள்ளவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிருகப்பிரவேசத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, எவர்சில்வர் தாம்பாளத்தைப் பைக்குள் மறைத்துக்கொண்டு பொன்முடி பஸ் ஏறினார்கள். கல்லாற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று ஸ்ரீகண்டன் சுழற்றினார். மணல் போயிற்று. தங்கம் இருந்திருந்தால் அதுவும் போயிற்று. மூன்றாவது சுழற்றலில் தாம்பாளமும் போயிற்று. அதைப் பிடிக்கப் போய் ஹரிகுமாரும் கொஞ்ச தூரம் போனார்.

திரும்பும் பஸ்ஸில் வேட்டியைப் பிழிந்துகொண்டே ஹரிகுமார் சொன்னார்: "எடா ஸ்ரீகண்டா, இது அரிசி அரிக்கிற வித்தையாக்கும். கல்லு அடியில நிக்கும், அரிசி மேல போகும். ரெண்டும் ஒண்ணுதானே? உன் லலிதாகிட்ட படிச்சுக்கோ."

ஸ்ரீகண்டன் அசந்துபோனார். இத்தனை வருஷ சிநேகிதத்தில் ஹரிகுமார் புத்தியோடு ஒன்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை சமையலறை வாசலில் போய் நின்றார்.

"லலிதா, இன்னிக்கு அரிசி நான் களையறேன்."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"மணிக்கட்டுக்குப் பயிற்சி. டாக்டர் சொன்னார்."

"எந்த டாக்டர்?"

"பொதுவா எல்லா டாக்டரும் சொல்றா."

"அப்போ சரியாத்தான் இருக்கும்" என்று அவள் பரணிலிருந்து அரிக்கஞ்சட்டியை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே வரிவரியாகக் கோடு போட்ட சட்டி. தண்ணீரோடு ஆட்டி ஆட்டிச் சாய்த்தால் அரிசி வழிந்து அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் கோட்டுக்குள் தங்கும். ஸ்ரீகண்டன் ஆட்டியதில் அரிசியும் தண்ணீரும் ஒற்றுமையாகச் சாக்கடைக்குப் போயின. அதோடு பாக்கெட் அரிசியில் கல் ஏது, பழகுவது எப்படி என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோதே, ஏனோ தெரியவில்லை, அந்த வாரத்திலிருந்து வீட்டுக்குக் கல்லும் மண்ணுமாக ரேஷன் அரிசி வர ஆரம்பித்தது. நமக்கு நல்ல காலம் பிறந்துவிட்டதென்று மனிதர் பூரித்துப்போனார்.

கல் போயிற்றா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கும் லலிதாம்பாளிடம் வழி இருந்தது. சாதம் வைத்து மென்று பார்த்தால்தான் தெரியுமாம். நியாயம்தானே. சாதம் வைக்கக் கற்றுக்கொண்டார். வெறும் சாதத்தை எப்படி மெல்வது? குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டார். பொடிக்கல்லுக்குத் துவரம்பருப்பில்தான் கை படியும் என்றாள். அதுவும் ஆயிற்று. அதைவிட நைசாக வேண்டுமென்றால் கடுகுதான் என்றாள். தங்கத் துகள் கடுகளவுதான் இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக் கடுகையும் அரித்தார். அரித்த கடுகை என்ன செய்வது, தாளித்தார்.

பங்காளி என்ற முறையில் ஹரிகுமார் தினமும் மத்தியானம் வந்து முன்னேற்றத்தை மேற்பார்வை பார்த்தார். இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். கல் இல்லை என்று ஏப்பத்தோடு சான்றிதழ் கொடுத்தார்.

மே மாசக் கடைசி ஞாயிறு. இந்தத் தடவை அரிக்கஞ்சட்டியோடு கல்லாற்றில் இறங்கினார்கள். ஸ்ரீகண்டனின் மணிக்கட்டு தானாகவே ஆடியது. மணல் வழிந்தது. கோட்டுக்குள் மஞ்சளாக மினுமினுவென்று ஒரு சிட்டிகை நின்றது. இருவரும் தண்ணீரிலேயே கட்டிப் புரண்டார்கள். பொட்டலத்தை யார் வைத்துக்கொள்வது என்று தகராறு வந்து, வலியசாலை வரும்வரை ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். இனி என்ன மறைப்பு? ஸ்ரீகண்டன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பொட்டலத்தை லலிதாம்பாள் கையில் வைத்தார்.

அவள் விரலால் தேய்த்தாள். துகள் ஏடு ஏடாகப் பிரிந்தது.

"காக்காப்பொன்னாக்கும் இது. கொலுவுக்கு மலை பண்ணறச்சே தூவலாம்."

ஸ்ரீகண்டன் ராத்திரி சாப்பிடவில்லை. அவர்தான் சமைக்கவில்லையே. இனிமேல் சமையலறைப் படி மிதிப்பதில்லை என்று காலையில் சபதம் செய்துகொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தபோது, லலிதாம்பாள் கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் கைப்பையும் குடையுமாக வெளியே வந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"ஸ்கூலுக்கு. இன்னிக்குத் திறக்கறா."

"அப்போ சமையல்?"

"நீங்கதான் தினமும் பண்ணறேளே."

"அது தங்கத்துக்காகப் பண்ணினது."

"தெரியும். சினிமா பார்த்த மறுநாளே ஹரிச்சேட்டன் வந்து எல்லாத்தையும் சொல்லிட்டார். பசியோட வந்திருந்தார், பாவம். ரெண்டு அடை வார்த்துப் போட்டேன். தங்கமும் அரிசி மாதிரிதான் அரிக்கணும்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லி நான்தான் அனுப்பினேன்."

ஸ்ரீகண்டனுக்கு மூக்கு நுனிவரை கோபம் வந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஐம்பது வயதில் முதல் வேலைக்குப் போகிற சந்தோஷம் அதில் ததும்பியது. புடவை மடிப்பை ஒரு தரம் நீவிவிட்டுக்கொண்டாள்.

"நன்னா இருக்கேனா?" என்று கேட்டாள்.

"நன்னாத்தான் இருக்கே" என்றார். அது பொய்யில்லை. கோபம் எந்தப் பக்கம் போயிற்றென்றே அவருக்குத் தெரியவில்லை. கரமனை வரைக்கும் கொண்டுபோய் விடட்டுமா என்றுகூடக் கேட்டார்.

"வேண்டாம், உலை வச்சிருக்கேன். அப்புறம் ஒண்ணு. காக்காப்பொன் கிடைச்ச எடத்துல நிஜப்பொன் கிடைக்காதுன்னு யார் சொன்னா? மழை பெய்ஞ்சு மேலேர்ந்து புது மண் வரட்டும், மறுபடி போய்ப் பாருங்கோ. அதுவரைக்கும் கைப்பழக்கம் விட்டுடப்படாது."

அதுவும் நியாயம்தான் என்று ஸ்ரீகண்டனுக்குத் தோன்றியது. முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து அரிக்கஞ்சட்டியைத் தேடினார். அப்போது பார்த்துக் கேட்டைத் திறந்துகொண்டு, இவர் கண்ணைப் பார்க்காமல், கையில் காலி டிபன் கேரியரோடு ஹரிகுமார் உள்ளே நுழைந்தார்.

லலிதாம்பாள் தெருவிலிருந்தே திரும்பிச் சொன்னாள்: "ஹரிச்சேட்டனுக்குப் பிரஷர் இருக்கு, குழம்புல உப்பு கம்மியாப் போடுங்கோ."