கானமயில் மாதிரி ஓடிய கேசட்டு அண்ணன்

அன்று வேலியடியில் நின்றவர்கள் மொத்தம் ஐந்து பேர். கேசட்டு அண்ணன், பக்கத்து ஊரான தேவாரத்துச் சூசை, பூங்காவில் பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி நேமா அம்மா, சிங்கம் வந்தால் சுடுவதற்குத் துப்பாக்கியோடு ஒரு காவலர், சிங்கம் வருவதற்கு முன்பே நடுங்கிக்கொண்டிருந்த நான். இடம், ஆப்பிரிக்காவில் கண்ணுக்கெட்டிய தூரம் புல்லாய்க் கிடக்கும் ஒரு தேசியப் பூங்கா. பறவையை விரட்டியே பேர் வாங்கிய ஒரு மனிதர் பறவையைக் காப்பாற்றியது உலகத்திலேயே ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறது. அதை நான் நேரில் பார்த்தேன். அதாவது, கண்ணை மூடிக்கொண்டிருந்த நேரம் போக மீதியைப் பார்த்தேன்.

அண்ணனுக்கு ஊர் ஓடைப்பட்டி. திராட்சைத் தோட்டத்தில் மைனாவும் கிளியும் இறங்காமல் பார்ப்பதுதான் தொழில். பழைய கேசட்டிலிருந்து டேப்பை உருவி, முறுக்கிப் பந்தல் கம்பியில் கட்டுவார். காற்றடித்தால் அது ‘ங்ங்ங்’ என்று கத்தும். பறவைகள் அடுத்த ஊருக்குப் போய்விடும். ஊரில் ஒரு வீட்டில்கூடக் கேசட் மிஞ்சவில்லை. என் கல்யாண வீடியோவும் அப்படித்தான் போனது. நான் தாலி கட்டும் இடம் மூன்றாவது வரிசைக் கொடியில் படபடத்துக்கொண்டிருந்தது. என் மனைவி நேரில் போய்க் கேட்டாள். “ஆத்தா, ஒன் கல்யாணத்தப் பாத்து மைனாவே ஓடுதுன்னா பாத்துக்க” என்றார்.

பந்தலுக்குக் கம்பி இழுத்துக் கட்டுவதில் எங்கள் பக்கத்து ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது. அந்தப் பூங்காவை ஒட்டிய கிராமத்தில் யானைகள் மக்காச்சோளத்தைத் தின்று தீர்க்கின்றன என்று மின்வேலி போட ஒருவர் காண்ட்ராக்ட் எடுத்தார். கம்பி வேலைக்கு எங்கள் மூவரையும் கூட்டிப்போனார். ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான் விமானத்தில் ஏறினேன் என்றால் என் வீட்டிலேயே நம்பவில்லை. நான் பை நிறைய மாத்திரை எடுத்துக்கொண்டேன். சூசை ஊறுகாய். அண்ணன் பை நிறையக் கேசட். விமான நிலையத்தில் அதிகாரி பையைத் திறந்து, “என்ன இது?” என்றார்.

“குருவிக்கு சார்.”

“குருவி பாட்டுக் கேக்குமா?”

“கேக்காது சார். ஓடிரும்.”

வேலி பிரமாதமாக அமைந்தது. யானைகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. கிராமத்துப் பெண்கள் எங்களுக்குச் சோளக்கதிர் சுட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கம்பியடியில் இரண்டு பறவைகள் மோதிச் செத்துக் கிடந்தன. நம் நாட்டுக் கானமயிலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி, ஆட்டுக்குட்டி கனத்தில் பெரிய பறவை. நேமா அம்மா சத்தம் போடவில்லை. ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். எங்களில் ஆங்கிலம் தெரிந்தவன் சூசைதான்.

“இன்னும் ஒண்ணு செத்தா வேலியப் பிரிச்சிரணுமாம். மேல சொல்லிட்டாகளாம்.”

நான் மாத்திரைப் பையைத் தேடினேன். வேலியைப் பிரித்தால் அன்றைக்கே யானை சோளத்தில் இறங்கும். நாங்கள் தின்ற கதிருக்கு என்ன பதில் சொல்வது?

“ரெண்டு நாள் குடுங்கம்மா. குருவி விசயத்த எங்கிட்ட விடுங்க” என்று அண்ணன் பையைத் திறந்தார்.

அவர் செய்ததை ஓடைப்பட்டிக்காரர் மட்டுமே செய்ய முடியும். வேலி நெடுகத் தோட்டத்து முறையில் டேப்பை முறுக்கிக் கட்டினார். சாயங்காலம் காற்றடித்தது. ‘ங்ங்ங்!’ மறுநாள் அந்த வட்டாரத்தில் ஒரு கானமயில் இல்லை, கொக்கு இல்லை, காக்காய்கூட இல்லை. அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். நேமா அம்மா வந்து சுற்றிப் பார்த்தார். இந்த முறை சத்தம் போட்டார்.

“பறவையே இல்லன்னா நான் இங்கன எதுக்கு உக்காந்திருக்கேன்னு கேக்குறாக” என்றான் சூசை.

அண்ணன் முகம் வாடி அன்றுதான் பார்த்தேன். டேப் முழுவதையும் அவரே அவிழ்த்துச் சுருட்டினார். “முப்பது வருசமா வெரட்டத்தான்லே படிச்சிருக்கேன். வெரட்டாமக் கட்டுறது எப்பிடின்னு எவன்ட்டப் போயிக் கேக்க?”

கானமயிலையேதான் கேட்டார். அது தரையைப் பார்த்துக்கொண்டே பறக்கும், எதிரே இருக்கும் கம்பி அதன் கண்ணில் படாது என்று நேமா அம்மா சொல்லியிருந்தார். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கையையும் விரித்து, வேலியை நோக்கி ஓடி வந்தார். மோதினார். எழுந்து போய் மறுபடியும் ஓடி வந்தார். கரண்டை நிறுத்திவிட்டாயா என்று சூசையிடம் நான்கு முறை கேட்டேன்.

“நிறுத்திட்டேன்லே! நீ இன்னொருக்கக் கேட்டா போட்டு விட்ருவேன்.”

காவலர் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சிங்கத்துக்காக அல்ல.

வேலிக்கு வந்ததில் வெள்ளைக் குழாய் மிச்சம் கிடந்தது. அதைத் துண்டு துண்டாக நறுக்கி, பாதிக்குக் கரி பூசி, மேல்கம்பியிலிருந்து தொங்கவிட்டு ஓடினார். ஒரு சாண் நீளத்துக்கு மோதினார். இரண்டு சாணுக்கும் மோதினார். மூன்று சாண் தொங்கவிட்டபோது பத்தடி முன்னாலேயே நின்றார். நெற்றி புடைத்திருந்தது.

“இங்கன தெரியுதுலே! சத்தமே வேணாம். பாத்துப் போங்கப்பான்னு சொன்னாப் போதும்.”

வேலி முழுக்கக் கட்டி முடித்து, பறவைகள் திரும்பி வந்த அன்றுதான் நாங்கள் ஐந்து பேரும் அங்கே நின்றோம். ஏழு கானமயில்கள் மேய்ந்துகொண்டிருந்தன. புல்லுக்குள்ளிருந்து ஒரு நரி தலையை நீட்டியது. ஏழும் மிரண்டு, வேலியை நோக்கி ஓடி, பாரத்தோடு எழும்பின. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கம்பி அதிரும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. திறந்தபோது ஏழும் வேலிக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. அண்ணன் இரண்டு கையையும் விரித்தபடி நின்றார், அடுத்து அவர் முறை என்பதுபோல.

நேமா அம்மா நோட்டை எடுத்து அவர் பெயரைக் கேட்டார். “கேசட்டு” என்றார் அண்ணன். அந்தப் பூங்காவின் மற்ற வேலிகளிலும் இன்று அந்தக் குழாய் தொங்குகிறது. அதற்கு அங்கே பெயரே கேசட்டுதான். எங்கள் ஓடைப்பட்டிப் பெயர்!

ஊர் திரும்புமுன் நேமா அம்மாவுக்கு அண்ணன் இரண்டு வார்த்தை தமிழ் கற்றுக்கொடுத்தார். சனிக்கிழமைதோறும் வேலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்த அம்மா போனில் குரல் அனுப்புவார்: “ஒண்ணும் சாகல.” அண்ணன் அதை எங்கள் ஊர் டீக்கடை முழுவதற்கும் சத்தமாகப் போட்டுக் காட்டுவார்.

போன சனிக்கிழமை குரல் வரவில்லை. மத்தியானம் ஆனது. அண்ணன் டீ ஆறிக் கிடந்தது. போனைத் தட்டினார், துடைத்தார், வெயிலில் காட்டினார். அவருக்குக் கவலைப்பட்டுப் பழக்கமில்லை. எனக்கு அது ஒன்றுதான் தெரியும். அதனால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நான்கு மணிக்குப் போன் முனகியது. “ஒண்ணும் சாகல.”

அண்ணன் மூச்சுவிட்டு என் பக்கம் திரும்பினார். “பாத்தியாலே, சும்மா கெடந்து பயந்த.”

“ஆமாண்ணே, நான்தான் பயந்துட்டேன்” என்றேன்.