நாரைமேட்டுக் கணினிக்குப் பட்டா மாற்றிய வரலாறு

மனித குலம் இதுவரை கண்ட ஆட்சி மாற்றங்கள் அனைத்திலும் ஏதாவது ஒன்று இடிந்திருக்கிறது, அல்லது எரிந்திருக்கிறது. குறைந்தபட்சம் ஒரு பேருந்துக் கண்ணாடியாவது உடைந்திருக்கிறது. எதுவுமே அழியாமல் நடந்த ஒரே மாற்றம், சென்ற ஐப்பசியில், திருவையாற்றுக்குக் கிழக்கே குடமுருட்டிக் கரையிலிருக்கும் நாரைமேட்டில் நடந்தது. அதில் நானும் ஓர் அங்கம் என்பதை என் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல இப்போதே ஒத்திகை பார்த்து வருகிறேன். அதற்கு முன் முடிக்க வேண்டிய பட்டப்படிப்பு, கல்யாணம் போன்ற சில்லறை வேலைகள் மட்டும் பாக்கி.

நாரைமேடு நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் ஒரு கணினி உண்டு. அறுத்த நெல்லை ஊரார் சங்கத்துக் களத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஈரம் பார்த்து, எடை போட்டதும், கணினிப் பொறுப்பாளர் செம்மொழி பில் அடித்துக் கொடுப்பார். நெல் லாரி ஏறும். இப்படி ஒன்பது வருடங்கள் எந்த 'ஆலோசனைக் கூட்டமும்' இல்லாமல் வேலை நடந்திருக்கிறது. ஒரு நிர்வாகத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது.

அவமானத்தைத் துடைக்க வந்தவர் புதிய தலைவர் மதிவாணன். பதவியேற்ற அன்று காலை கணினித் திரையைப் பார்த்தார். திரை முழுக்கப் பழைய தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் தலைவரா இருக்கறப்ப இவரு எதுக்கும்மா சிரிக்கறாரு?"

நியாயமான கேள்வி. செம்மொழி உடனே படத்தை மாற்றப் போனார். கணினி மறுத்துவிட்டது. 'இந்த இயங்குதளத்தின் உரிமம் செல்லாது. முதலில் செயல்படுத்தவும், பிறகு அலங்கரித்துக்கொள்ளவும்' என்ற பொருள்படக் கண்டிப்பாக ஒரு வாசகம் காட்டியது. திரையின் வலது கீழ் மூலையிலும் அதே விஷயம் மங்கலான எழுத்தில் இருப்பதை அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள்.

"இது எப்பலேருந்து இருக்கு?"

"ஆடி மாசத்துலேருந்து இருக்கு சார்."

"ஏன் சொல்லல?"

"வேலை நடந்துச்சு சார். அதனால சொல்லணும்னு தோணல."

இந்த அலட்சியத்தைக் கேட்டு அதிர்ந்து எழுந்தவர் சங்கச் செயலாளர் பஞ்சநதம். என் தாய்மாமன். ஒரு தாலுகா அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் பட்டா செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவரைப் பெற்றதே தவிர, அவர் ஓய்வைப் பெறவில்லை. எனக்கு போன் வந்தது.

"மாப்ளே, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற?"

"ஆமா மாமா. பரீட்சைக்கு மட்டும்."

"போதும். கெளம்பி வா."

போனேன். நிலைமை கவலைக்கிடமாக இருந்தது. டவுனில் பழுது பார்ப்பவர், "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடணும் சார்" என்று தொலைபேசியிலேயே மருத்துவ அறிக்கை கொடுத்திருந்தார். அழித்தால் பில் போடும் மென்பொருளும் போய்விடும். அதை எழுதிக் கொடுத்தவர் இப்போது துபாயில் கிரேன் ஓட்டுகிறார். மூலக் குறுந்தகடு கொய்யா மரத்தில் கிளி விரட்டத் தொங்குகிறது.

நான் இரண்டு நிமிடம் பார்த்தேன். சங்கத்துக்குக் கணினி விற்ற புண்ணியவான், ஒரே உரிமத்தை ஊர்பட்ட கணினிகளில் போட்டிருக்கிறார். தயாரித்தவர்கள் கண்டுபிடித்து அதை ரத்து செய்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

"புது உரிமக் குறி ஒண்ணு வாங்கி உள்ள அடிச்சாப் போதும் மாமா. எதையும் அழிக்க வேண்டாம்."

"அழிக்காம எப்படிடா மாத்துவ?"

இந்த இடத்தில்தான் நான் ஓர் உவமை சொன்னேன். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"வீடு அப்படியே இருக்கும் மாமா. சாமான், ஆளு, எல்லாம் அப்படியே இருக்கும். பட்டா மட்டும் மாறும்."

மாமா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். பிரிந்துபோன உறவு வாசலில் வந்து நிற்பதைப் பார்ப்பது போல இருந்தது அவர் முகம்.

"பட்டா மாற்றமா? அத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

செருப்பு மாற்றுவது மாதிரி என்று சொல்லியிருந்தால் வரலாறு வேறு மாதிரி போயிருக்கும். சொல்லவில்லை.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டா மாற்றத்துக்கு ஆட்சேபணை அறிவிப்பு ஒட்ட வேண்டும். கெடு பதினைந்து நாள். அவசரத்தைக் கருதி, கருணையுடன், பத்து நாளாகக் குறைத்தார். அதுவரை, "வில்லங்கம் உள்ள சொத்துல எந்தப் பரிவர்த்தனையும் கூடாது" என்று உத்தரவிட்டார். அதாவது, பில் கிடையாது.

"சார், பில் இப்பவும் வருது சார்" என்று செம்மொழி ஒன்றை அடித்தே காட்டினார். மாமா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வருது. செல்லுமா?"

"நேத்து வரைக்கும் செல்லுச்சே சார்."

"நேத்து எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத வரைக்கும் எல்லாம் செல்லும்."

அன்று காலை பதினொன்று இருபதுக்கே புதிய உரிமக் குறியை வாங்கிவிட்டேன். இருபத்தைந்து எழுத்துகள். அடிக்க ஒரு நிமிடம் ஆகும். மாமா அதை ஒரு தாளில் எழுதச் சொல்லி, உறையில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, பீரோவில் பூட்டினார்.

"ஒரு நிமிஷ வேலைதான் மாமா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதி நீட்டினார். 'உரிம மாற்ற நிபுணர் குழு உறுப்பினர்' என்ற முறையில், பணி முடியும்வரை எனக்கு ஓ.டி., அதாவது வகுப்புக்கு வராமலே வருகைப் பதிவு, வழங்கக் கோரும் கடிதம். அந்த வாரம் முழுக்க இன்டர்னல் தேர்வு. என் வாய் கண்ணியமாக மூடிக்கொண்டது.

அறிவிப்பு சங்கத்துச் சுவரில் ஒட்டப்பட்டது. 'பசலி 1435. நாரைமேடு சங்கத்துக்குப் பாத்தியப்பட்ட கணினி ஒன்றுக்கு நான்கெல்லை: வடக்கே இரும்பு பீரோ, தெற்கே ஜன்னல், கிழக்கே தண்ணீர்க் கேன், மேற்கே செம்மொழி. இதற்குட்பட்ட இயங்குதளத்தின் உரிமத்தை மாற்றுவதில் ஆட்சேபணை உள்ளோர் பத்து தினங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

"நான் எல்லையா சார்?" என்றார் செம்மொழி. "மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போவேனே?"

"எல்லை நகரக்கூடாதும்மா. டிபன் பாக்ஸ் கொண்டுவந்துடுங்க."

தலைவர் மதிவாணன் இந்த நிர்வாகத் திறனைக் கண்டு நெகிழ்ந்தார். நிபுணர் குழுவுக்கு வேளைக்கு இரண்டு மெதுவடை என்று அவரே வாய்மொழி ஆணை பிறப்பித்தார்.

இந்த மகத்தான சூழ்நிலையில்தான் வள்ளியம்மை தன் நெல்லோடு குறுக்கே வந்தார். ஆறு மா குத்தகை நிலத்தில் விளைந்த குறுவை நெல், அறுபது மூட்டை. ஈரம் பார்த்து, எடை போட்டு, பதிவேட்டில் பெயரும் ஏறிவிட்டது. பில் மட்டும் பாக்கி. பின்னால் நின்றவர்கள் நிலைமையைப் பார்த்ததும் டிராக்டர் பிடித்துப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"அப்ப நானும் எடுத்துக்கிட்டுப் போறேங்கய்யா" என்றார்.

"அது எப்படிம்மா முடியும்? பேரு ஏறிடுச்சு. வில்லங்கத்துல சேந்த சரக்கு. களத்தை விட்டு நகரக்கூடாது."

"வானம் கருக்குதுங்களே?"

"வானம் நம்ம எல்லைக்குள்ள வராது."

வள்ளியம்மை என் பக்கம் திரும்பினார். "ஏந் தம்பி, நீ படிச்ச புள்ளதானே? அந்தப் பொட்டிக்கு ஒடம்பு சரியில்லன்னா எந் நெல்லு எதுக்குப் படுத்துக் கெடக்கணும்?"

நான் வடையைக் கீழே வைத்துவிட்டு, "நடைமுறை போய்க்கிட்டிருக்கு அத்தை" என்றேன். அந்தச் சொல் எவ்வளவு வசதியானது என்று அன்றுதான் புரிந்தது. எதுவும் நடக்காதபோது சொல்வதற்கென்றே உண்டாக்கியிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. சங்கத்துத் தார்ப்பாய்கள் இரண்டு. ஒன்றில் நடுவில் ஓட்டை. மற்றொன்றில் ஓட்டைக்கு நடுவில் கொஞ்சம் தார்ப்பாய். வள்ளியம்மை வீட்டிலிருந்து உரச் சாக்குகளைத் தைத்துக் கொண்டுவந்து மூடினார். நிபுணர் குழு ஜன்னல் வழியாக, அதாவது தெற்கு எல்லை வழியாக, அவரது முயற்சியைப் பாராட்டியது.

ஐந்தாம் நாள் வள்ளியம்மை உள்ளே வந்து மேசைமேல் ஒரு கைப்பிடி நெல்லை வைத்தார். ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"மொளைக்குதுங்கய்யா."

"இது ஆவணமாம்மா?"

"நெல்லுங்கய்யா."

"ஆவணமா இல்லாதத மேசை மேல வைக்கக் கூடாது. எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். செம்மொழிதான் எழுத உதவினார். மேற்கு எல்லையே எதிர்த்தரப்போடு சேர்ந்துகொண்டதில் மாமாவுக்கு வருத்தம். ஆனாலும் விதிப்படி ஏழாம் நாள் விசாரணை வைத்தார். தலைவர் நடுவில், மாமா வலப்புறம், நான் இடப்புறம், குறிப்பெடுப்பவனாக.

"உங்க ஆட்சேபணை என்னம்மா? கணினியில உங்களுக்குப் பாத்தியதை உண்டா?"

"எனக்கு எதுக்குங்க அந்தப் பொட்டி?"

"அப்ப எதை வெச்சு ஆட்சேபணை?"

வள்ளியம்மை கணினியைக் கை காட்டினார்.

"பொட்டிக்குப் பட்டா இல்லன்னுதானே வேலைய நிறுத்தி வெச்சிருக்கீங்க? எனக்குந்தாங்கய்யா பட்டா இல்ல. குத்தகை. பதினெட்டு வருசமா வெளைய வெச்சுக் கொண்டாந்து கொட்டுறேன், ஒரு வருசம் நிறுத்தினேனா? பட்டா இல்லாத நான் அறுவது மூட்ட வெளைய வைக்கறேன். பட்டா இல்லாத பொட்டி ஒரு பில்லு அடிக்காதா?"

செம்மொழி சத்தமாக, "அடிக்கும்" என்றார்.

மாமா ஒரு கணம் தடுமாறியதை நான் பார்த்தேன். முப்பத்திரண்டு வருட அனுபவம் உடனே கைகொடுத்தது. "மனுதாரர் உணர்ச்சிவசப்பட்ட நிலையில் இருந்ததால் மனு பரிசீலனைக்கு உகந்ததல்ல" என்றார். நான் அதைப் பிழையில்லாமல் எழுதினேன். கையெழுத்து நன்றாக இருப்பதாகத் தலைவர் சொன்னார்.

பதினோராம் நாள் விடிந்தது. மழை விட்டிருந்தது. ஊர் கூடியிருக்க, சூடம் காட்டி, மாமா அரக்கை உடைத்தார். நான் கணினி முன் அமர்ந்தேன். அமைப்புகளுக்குள் போய், 'உரிமக் குறியை மாற்று' என்ற இடத்தில் இருபத்தைந்து எழுத்துகளையும் அடித்தேன். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பது நொடி ஆனது. மூலையிலிருந்த மங்கலான வாசகம் மறைந்தது. கைதட்டல் எழுந்தது. யாரோ வெடிகூடப் போட்டார்கள்.

சோதித்துப் பார்த்தோம். பில் மென்பொருள் இருந்தது. பழைய தமிழ் எழுத்துரு இருந்தது. ஒன்பது வருடக் கணக்கு, உறுப்பினர் பட்டியல், மாமா சீட்டாட்டத்தில் எடுத்த அதிகபட்சப் புள்ளி, எல்லாம் இருந்தன. ஒரு கோப்புகூட அழியவில்லை. எதையும் மீண்டும் நிறுவ வேண்டியிருக்கவில்லை.

"இனிமே படம் மாத்தலாமா?" என்றார் தலைவர்.

மாற்றலாம். ஆனால் அந்தக் குழப்பத்தில் படமெடுக்க மறந்துவிட்டிருந்தார்கள். திருவையாற்றிலிருந்து புகைப்படக்காரர் வரவழைக்கப்பட்டார். அவர் களத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பரவசமானார்.

"தலைவரே, அங்க நில்லுங்க. பின்னால பசுமையா, நாத்தங்கால் மாதிரி சூப்பரா இருக்கு!"

தலைவர் நின்றார். கைகூப்பினார். சிரித்தார். பின்னால் வள்ளியம்மையின் அறுபது மூட்டை நெல், குவியல் குவியலாக, இளம்பச்சையில் தளதளவென்று நின்றது.

படம் திரையில் ஏறியதும், வள்ளியம்மையின் நெல்லை மறுபடி தரம் பார்த்துப் பதிந்து, செம்மொழி முதல் பில்லை அடித்தார். சங்க விதிப்படி வாசகம் தானாகவே வந்தது: 'முளைவிட்ட நெல். கொள்முதலுக்குத் தகுதியற்றது.' புதிய உரிமத்தில் அச்சு துல்லியமாக இருந்தது. நாரைமேட்டில் மீண்டும் முதலிலிருந்து நிறுவ வேண்டியிருந்தவர் ஒருவர் மட்டும்தான். உழவு, நாற்றங்கால், நடவு என்று.

வள்ளியம்மை பில்லை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். திரையை வெகு நேரம் பார்த்தார்.

"தம்பி, தலைவருக்குப் பின்னால பச்சையா நிக்குதே, அது எந் நெல்லுதானே?"

"ஆமா அத்தை."

"அத எப்ப அவரு பேருக்கு மாத்துனீங்க?"

தலைவர் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நிபுணர் குழு உறுப்பினர் என்ற முறையில், ஆட்சேபணைக்கான கெடு நேற்றோடு முடிந்துவிட்டது என்று நான்தான் அவருக்கு எடுத்துச் சொன்னேன்.